சிவகரனின் லீவு

வார்டில் நாற்பது கட்டில்கள். டொக்டர்கள் இப்போது இரண்டே பேர். முதலில் முடித்தவர் சொல்லாமல் கொள்ளாமல் மற்றவருடைய கட்டில்களில் நாலைந்தைப் பார்த்துக் குறிப்பெழுதிவிடுவது அவர்களின் வழக்கம். அன்று காலை உதயகலாவின் கடைசிப் பத்துக் கட்டில்களுக்கும் குறிப்பு எழுதியாகியிருந்தது.

“பெரிய உதவி, கஜீவன்.”

“நான் தொடேல்லை அக்கா. நீங்கள் எழுதினதெண்டெல்லோ நினைச்சன்.”

இருவரும் கையெழுத்தைப் பார்த்தார்கள். மூன்று நாள் வீட்டுக்குப் போகாமல் வேலையில் நின்று, போன மாதம் வார்டு மேசையில் சாய்ந்தபடி இறந்துபோன மூன்றாவது டொக்டர் சிவகரனுடையது.

“பாவம், லீவு கேட்டுக் கேட்டே போயிட்டான்,” என்றாள் உதயகலா.

கடமைப் பட்டியலில் அவன் பெயரை மறுபடி எழுதி, எதிரே ‘ஒரு மாத லீவு’ என்று போட்டாள்.

மறுநாள் அது வெட்டப்பட்டிருந்தது. கீழே அதே கையெழுத்து: ‘ரெண்டு பேரும் போய்ப் படுங்கோ. நான் நிக்கிறன்.’