ஊசிக்குப் பயந்த வெல்டர்

"ஊசின்னதும் ஓடி வந்த ஆளு, இன்னைக்குக் கல்யாண மாப்பிள்ளை மாதிரி கிளம்பிட்டாரு பாரும்மா!"

மகன் சொன்னதும் கட்டிலில் படுத்திருந்த அம்மா சிரித்துவிட்டாள். பக்கவாதம் வந்து கால் இரண்டும் செயலிழந்ததிலிருந்து அவள் சிரிப்பதே அபூர்வம்.

"மீசையைப் பார்த்து ஏமாந்துதான்டா நானும் கழுத்தை நீட்டினேன்" என்றாள்.

அப்பா வெல்டர். வாழ்நாளெல்லாம் நெருப்புப் பொறியை உடம்பில் வாங்கியவர். கையெல்லாம் சுட்ட தழும்பு. சர்க்கரையால் கல்லீரலில் கொழுப்பு சேர்ந்துவிட்டது, ஊசி போட்டுத் துளி சதை எடுத்துப் பார்க்கணும் என்று டாக்டர் சொன்னபோது, "யோசிச்சுச் சொல்றேன்" என்று எழுந்து வந்தவர்தான். இரண்டு வருஷமாக யோசித்துக்கொண்டே இருந்தார்.

மகன் விடுவானா? வீட்டுக்கு வருகிறவர்களிடமெல்லாம் இதைச் சொல்லி அப்பாவின் மானத்தை வாங்கினான். அவரும் கூடச் சேர்ந்து சிரித்துவைப்பார்.

இப்போது ஆஸ்பத்திரிக்குப் புதுசாக ஒரு ஸ்கேன் வந்திருந்தது. ஊசியும் இல்லை, கத்தியும் இல்லை. விஷயம் தெரிந்ததும் அப்பாவே, "எப்போடா போகலாம்?" என்று கேட்டார். பக்கத்து வீட்டம்மாவை அம்மாவுக்குத் துணையாக உட்காரவைத்துவிட்டு இருவரும் கிளம்பினார்கள்.

ஸ்கேன் எடுக்கும் பெண், அப்பாவின் வலது கையைத் தலைக்கு மேலே தூக்கி வைக்கச் சொன்னாள். விலா இடுக்கில் ஜெல்லைத் தடவி, கருவியை வைத்து அழுத்தினாள்.

"வலிக்குதாப்பா? கையைப் பிடிச்சுக்கவா?" என்றான் மகன்.

"போடா. யாரோ கதவைத் தட்டுற மாதிரி இருக்கு."

"அப்படித்தாங்கய்யா. தட்டிப் பார்த்தே, ஈரல் எவ்வளவு இறுகியிருக்குன்னு இது சொல்லிடும்" என்றாள் அந்தப் பெண். "அவ்வளவுதான், எழுந்திருங்க."

அப்பா சட்டைப் பொத்தானைப் போட்டபடியே கேட்டார். "இன்னைக்கே கனமா ஏதாவது தூக்கலாமாம்மா?"

"தாராளமாத் தூக்கலாம்."

"பார்த்தீங்களா, எல்லாம் முடிஞ்சும் பயம் போகலை!" மகன் விழுந்து விழுந்து சிரித்தான்.

டாக்டர் சிரிக்கவில்லை. ஸ்கேன் முடிவை இரண்டு தடவை பார்த்தார்.

"ஈரல் ரொம்பவே இறுகிப்போச்சு. அன்னைக்கே சதை எடுத்துப் பார்த்திருந்தா, எந்த அளவுல இருக்குன்னு தெரிஞ்சிருக்கும். மருந்துலயே பிடிச்சு நிறுத்தப் பார்த்திருக்கலாம். இனிமே மிச்சம் இருக்கிறதைக் காப்பாத்தத்தான் பார்க்கணும்."

வெளியே வந்ததும் மகன் வெடித்தான்.

"ஒரு ஊசிப்பா! ஒரே ஒரு ஊசிக்குப் பயந்து, இப்படி உங்க உயிருக்கே..."

அப்பா பெஞ்சில் உட்கார்ந்தார்.

"ஊசிக்கு யாருடா பயந்தா?"

"பின்னே?"

"அந்த ஊசி போட்டா, ஒரு வாரத்துக்குக் கனமா எதையும் தூக்கக் கூடாதுன்னுட்டாங்க. உங்கம்மாவைத் தூக்கி பாத்ரூமுக்குக் கொண்டுபோகணும், குளிப்பாட்டணும், புரட்டிப் படுக்கவைக்கணும். வெளி ஆள் தொட்டா அவ கூசிப்போறா."

மகனுக்குச் சுருக்கென்றது. ஒரே கூரையின் கீழ் இருந்தும், அம்மாவை ஒரு நாள்கூடத் தான் தூக்கியதில்லை என்பது இப்போதுதான் உறைத்தது. வெட்கமும் ஆற்றாமையும் சேர்ந்து, கோபமாகத்தான் வெளியே வந்தது.

"நான் ஒருத்தன் எதுக்குப்பா இருக்கேன்? ஒரு வார்த்தை கேட்டிருந்தா லீவு போட்டுப் பார்த்திருக்க மாட்டேனா?"

சொல்லாமலே விட்டுவிடலாம் என்றுதான் அப்பா பார்த்தார். மகன் விடுவதாக இல்லை.

"சொல்லுங்கப்பா, ஏன் என்கிட்ட கேட்கலை?"

"கேட்டேன்ப்பா. ஒரு வாரம் லீவு கிடைக்குமான்னு கேட்டேன். 'ஒரு ஊசிக்கு ஒரு வாரமா, இவ்வளவு பயந்தாங்கொள்ளியாப்பா நீங்க'ன்னு அன்னைக்குச் சிரிக்க ஆரம்பிச்சவன்தான் நீ."