கிழவன் கிளம்பணும்

"நான் சொல்றத முதல்ல முழுசா கேளு..."

"கேட்டுக்கிட்டுத்தானே இருக்கேன்! பிளஸ் எது, அதைச் சொல்லுங்க..."

"அதுக்கு முன்னாடி ஒண்ணு..."

"முன்னாடியும் வேணாம், பின்னாடியும் வேணாம். பிளஸ் எது?"

தகரக் கொட்டகையின் கூரையைப் பிய்த்துவிடுவதுபோல் மழை கொட்டியதால் இருவரும் கத்தித்தான் பேசினார்கள். மழை இல்லாவிட்டாலும் அப்படித்தான். கல்யாணமான நாளிலிருந்து ஒருவர் பேச்சை முடிக்க இன்னொருவர் விட்டதில்லை. வாயால் வேலை செய்வது அவர், கையால் செய்வது அவள். குடித்தனம் அப்படியே ஓடிவிட்டது.

கொட்டகைக்குள் நின்ற பழைய டீசல் டிராக்டருக்கு அந்த வீட்டில் 'கிழவன்' என்று பெயர். மழைக்காலம் வந்தால் கிழவனின் இரண்டு பேட்டரிகளையும் கழற்றி ஓரமாக வைத்துவிடுவார்கள். இன்றைக்கு அவன் கிளம்பியே ஆக வேண்டும்.

ஆற்றுக்குக் குறுக்கே இரண்டு தரைப்பாலங்கள். மேல் பாலம் வடக்குக் கோடி, கீழ் பாலம் தெற்குக் கோடி. மதியத்திலிருந்து இரண்டையும் வெள்ளம் மூடிவிட்டது. அதில் ஒன்றின் நடுவே ஒரு கார் நின்றுபோயிருந்தது, உள்ளே ஆளோடு. அந்தத் தண்ணீரில் இறங்கும் உயரம் கிழவனின் சக்கரங்களுக்கு மட்டும்தான் உண்டு.

"ஒயர் எல்லாமே கறுப்பு. பேட்டரி மேல இருந்த எழுத்தும் அழிஞ்சு போச்சு."

"முனைங்களைத் தொட்டுப் பாரு. ஒண்ணு தடிமனா இருக்கும், ஒண்ணு ஒல்லியா இருக்கும். தடிமன்தான் பிளஸ்."

"நம்மளப் போலவே. தடிமன் நான், ஒல்லி நீங்க."

"ஜோக்கடிக்கிற நேரமாடி இது?"

"அழுதா கை நடுங்குது. அதான்."

அவர் தொண்டையைச் செருமிக்கொண்டார். "இந்தப் பேட்டரியோட தடிமுனையையும் அந்தப் பேட்டரியோட ஒல்லிமுனையையும் குட்டை ஒயரால சேரு. ரெண்டு பேரும் கைகோத்தாத்தான் கிழவன் எழுந்திருப்பான்."

"சேத்துட்டேன்."

"மிச்சம் இருக்கிற ஒல்லிமுனை ஸ்டார்ட்டர் ஒயருக்கு. தடிமுனை கடைசியா, பாடிக்கு."

"பிளஸ்ஸையா பாடிக்கு? மைனஸ்தானே? கார்ல அப்படித்தானே இருக்கு?"

"காரைப் பத்தி இப்ப பேசாதே! கிழவனுக்கு எல்லாமே தலைகீழ்."

"வளர்த்தவரைப் போல."

ஸ்பேனரை வாயில் கவ்விக்கொண்டு கடைசி ஒயரை முனையில் வைத்தாள். நீலப் பொறி தெறித்தது. இருண்டு கிடந்த கொட்டகை முழுவதும் பளிச்சென்று தெரிந்து மறைந்தது.

"ஐயோ!"

"என்ன? என்ன ஆச்சு? பொறி வந்துச்சா?"

"விரல் சுட்டுடுச்சு."

"வந்துச்சா இல்லையா, அதைச் சொல்லு!"

"வந்துச்சு, வந்துச்சு."

"அப்ப உயிர் இருக்கு. ஏறு, அமுக்கு."

சீட்டில் ஏறி, கிளச்சை மிதித்து, ஸ்டார்ட்டரை அமுக்கினாள். 'டிக்' என்று ஒரு சத்தம். அவ்வளவுதான். மறுபடி அமுக்கினாள். மறுபடி 'டிக்'.

"காலையிலயே சொன்னேன், இன்னைக்கு வேணாம் வேணாம்னு. என் பேச்சை யார் கேட்டா?"

"தண்ணி ஏறுதுடி" என்றார் அவர்.

இவ்வளவு மெல்ல அவர் பேசி அவள் கேட்டதே இல்லை. பற்கள் கிட்டிப்போனவர் பேசுவதுபோல் இருந்தது.

"தீயணைப்பு வண்டி வரும்னு நம்பிக்கிட்டு இருக்காதே. பெரிய ரோட்டுல மரம் விழுந்து, அதுக்கு அந்தப் பக்கம் நிக்குதாம். கிழவன்தான் போகணும். கிளாம்ப் ஆடுதா பாரு."

ஆடியது. முனையைச் சுற்றி வெள்ளையாக உப்புப் பூத்திருந்தது. அவள் கொண்டையிலிருந்து ஊசியைப் பிடுங்கி உப்பைச் சுரண்டினாள். பிறகு அதே ஊசியை இரண்டாக மடித்து கிளாம்ப் இடுக்கில் சொருகி, பல்லைக் கடித்துக்கொண்டு முறுக்கினாள். ஈர முடி கண்ணில் விழுந்தது. ஒதுக்கிவிட நேரமில்லை.

"டைட்டா இருக்கு இப்ப."

"சரி. கிழவன் கிளம்பினதும் நீ நேரா..."

"இருங்க! அமுக்கப் போறேன்."

"அதுக்குள்ள சொல்லிடறேன். நான் இப்ப..."

"பேசாதீங்கன்னா! எஞ்சின் சத்தம் கேக்கணும் எனக்கு."

அவள் அமுக்கினாள். கிழவன் முனகினான். இருமினான். நின்றுவிடுவான் போலிருந்து, இன்னொரு தடவை இருமி, கரும்புகையைக் கக்கிக்கொண்டு தடதடவென்று எழுந்தான். தகரம் அதிர்ந்தது.

"கிளம்பிட்டான்! கேக்குதா? கிளம்பிட்டான்! ஒரு தடவையாவது என்னைப் பாராட்டுங்களேன்!"

சிரித்தாளோ அழுதாளோ, கியரைப் போட்டாள். கிழவன் சேற்றை வாரியடித்துக்கொண்டு வெளியே பாய்ந்தான். வாசலைத் தாண்டியதும் பாதை இரண்டாகப் பிரிந்தது, இடது கை வடக்கே, வலது கை தெற்கே.

பிரேக்கை மிதித்தாள். இத்தனை நேரமும் ஸ்பீக்கரில் போட்டு மட்கார்டின் மேல் வைத்திருந்த போனை எடுத்துக் காதோடு அழுத்திக்கொண்டாள்.

"ஏங்க... நீங்க மாட்டிக்கிட்டு இருக்கிறது மேல் பாலத்துலயா, கீழ் பாலத்துலயா?"