விசுவாசமான ஆள்

ஆபரேஷனுக்கு இன்னும் அரை மணி நேரம்தான் இருந்தது. கட்டிலில் கிடந்தவர் மனைவி பக்கம் திரும்பினார்.

"நான் செஞ்சதெல்லாம் போதுமாடி? நாப்பது தடவை ரத்தம் குடுத்திருக்கேன். நோயாளிங்க பக்கத்துல மணிக்கணக்கா உக்காந்திருக்கேன். ஆனா அண்ணன்கிட்ட பத்து வருஷம் பேசல. அவனும் அப்படியே போய்ச் சேர்ந்துட்டான். எனக்கு ஏதாவது ஆச்சுன்னா ஆண்டவர் முன்னாடி எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டு நிப்பேன்?"

மனைவி போர்வையை இழுத்துவிட்டாள். "மோட்சம் என்ன, நீங்க பார்த்த வேலைக்குக் கூலியா? அது கிருபைங்க. சும்மா கிடைக்கிறது. விசுவாசம் இருந்தா போதும்."

"நான் விசுவாசமாத்தானே உழைச்சேன்?"

"அந்த விசுவாசம் நம்ம வீட்டு நாய்க்கும்தான் இருக்கு. நான் சொல்றது ஆண்டவரை நம்புற விசுவாசம்."

"அப்போ நல்லது செஞ்சதெல்லாம் வீணா?"

"வீணா எப்படிப் போகும்? பிள்ளை அம்மாவுக்குக் கால் அமுக்கி விடுது. அமுக்கினதாலயா அது பிள்ளையாச்சு?"

அவருக்குப் பயம் குறையவில்லை.

நர்ஸ் படிவத்தோடு வந்தாள். "ஐயா என்ன வேலை பார்க்கிறாரு?"

அவர் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டார். மனைவிதான் பதில் சொன்னாள்.

"சர்ச்சுல போதகர்னு எழுதிக்கோம்மா. இப்ப நான் சொன்னதெல்லாம் முப்பது வருஷமா இவர் பண்ற பிரசங்கம்தான்."

"அது சபைக்குச் சொன்னதுடி," என்றார் மெல்ல.

"இன்னைக்கு நீங்களும் சபையில உக்காருங்க. நான் ஜெபம் பண்றேன்."

அவர் கையைப் பிடித்துக்கொண்டு நாலே வரியில் ஜெபித்து முடித்தாள். எப்போதும் எதிரே உட்கார்ந்திருப்பவர்கள் சொல்வதை அன்று அவர் சொன்னார்.

"ஆமென்."