பால் மறந்த குட்டிகள்

சென்றாயன் கூடையோடு வாசலில் வந்து நின்றபோது நான் காயப்போட்ட சாமையைக் காலால் கிளறிக்கொண்டிருந்தேன்.

அவன் என் மனைவி பெருமாயியின் முதல் புருஷன்.

தூரத்தில் தலைப்பாகையைப் பார்த்ததும், யுத்தத்துக்கு ஆள் சேர்க்க வந்தவன் என்று நினைத்துக் காட்டுக்குள் ஓடத் தயாராக இருந்தேன். இவன் என்று தெரிந்ததும், பட்டாளத்துக்காரனே வந்திருக்கலாம் என்று பட்டது.

மாசியில்தான் பெருமாயி திண்ணனூர் நாட்டிலிருந்த அவன் வீட்டை விட்டு, அரியூர் நாட்டிலிருக்கும் என் வீட்டுக்கு வந்தாள். பெரியவர்கள் கூடிப் பேசி, அவனும் சம்மதித்துத்தான் அனுப்பினான். உடுத்திய சேலையும் ஒரு சாம்பல் நிறப் பொட்டைப் பூனையும்தான் கொண்டுவந்தாள். பெண்பிள்ளைகள் இரண்டையும் அங்கேயே விட்டுவிட்டாள்.

விட்டுத்தான் ஆகவேண்டும். பெண் எந்த வீட்டுக்குப் போய் எங்கே பெற்றாலும் பிள்ளைகள் முதல் தாலி கட்டியவனுக்கு. எங்கள் மலையில் அதுதான் வழக்கம்.

அவனை என்ன முறை வைத்துக் கூப்பிடுவது என்பது எனக்கு இன்றுவரை பிடிபடவில்லை. மச்சானா, பங்காளியா? "வாங்க" என்று பொதுவாகச் சொல்லிவைத்தேன்.

"குட்டிங்க பால் மறந்துருச்சுங்களா?" என்றான்.

எனக்கு ஒன்றும் புரியவில்லை. ஆடியில் பூனை நான்கு குட்டி போட்டது உண்மைதான். இவனுக்கு எப்படித் தெரியும்? யோசித்தால், சோளக்காட்டுச் சந்தையில் எதிரே வந்தவர்களிடமெல்லாம் நானே சொன்னது ஞாபகம் வந்தது. என் வாய் அப்படி.

"மறந்துருச்சுங்க. ஏனுங்க?"

"தாய்ப் பூன உங்ககிட்டயே இருக்கட்டுங்க. குட்டி எங்க ஊட்டுதுங்க. வழக்கம் அப்படித்தானுங்களே."

நான் சிரித்துவிட்டேன். அவன் சிரிக்கவில்லை.

பூனைக்குமா வழக்கம்? குட்டிகளின் அப்பன் எங்கள் ஊர்க் கடுவன். காது கிழிந்த அந்தத் திருடனை எல்லோருக்கும் தெரியும். குட்டிகள் பிறந்தது என் வீட்டுக் குதிர் இடுக்கில். தின்று வளர்ந்தது என் வீட்டு எலியை. இதையெல்லாம் வரிசையாகச் சொன்னேன். அவன் பொறுமையாகத் தலையாட்டிக் கேட்டான்.

"எங்க பொறந்தா என்னங்க?" என்றான்.

எனக்குக் குட்டிகள் வேண்டும். போன வருஷம் பூனை இல்லாமல் குதிரிலிருந்த சாமையில் பாதியை எலி தின்றுவிட்டது. பங்குனி முழுக்கக் காட்டுக்கிழங்கைத் தோண்டித் தின்றேன். இந்த வருஷம் தின்ன ஆளும் கூடிவிட்டது.

பெருமாயி வந்தால் இவனை உண்டு இல்லை என்று ஆக்கிவிடுவாள். ஒரு பிடி உப்புக்காகப் பக்கத்து வீட்டோடு மூன்று நாள் சண்டை போட்டவள். உள்ளே எட்டிப் பார்த்தேன்.

அவள் குதிருக்குப் பின்னால், இருட்டில் நின்றுகொண்டிருந்தாள். வெளியே வரவில்லை.

"எல்லாத்தையும் குடுத்துடுங்க. சீக்கிரம் போகட்டும்" என்றாள்.

பழைய புருஷன் மேல் இன்னும் பாசமா? அப்படியானால் எதற்கு என்னிடம் வந்தாள்? அவள் சொன்ன பிறகு வழிவிட்டு ஒதுங்கி நின்றேன்.

சென்றாயன் வாசலில் விளையாடிக்கொண்டிருந்த மூன்று குட்டிகளைப் பிடித்துக் கூடையில் போட்டான். தாய்ப் பூனை அவன் காலைச் சுற்றிச் சுற்றி உரசியது. அவனை அடையாளம் தெரிந்துவிட்டது போலிருக்கிறது. அதுவும் எனக்குப் பிடிக்கவில்லை.

நான்காவது குட்டி அவன் கைக்குத் தப்பி வீட்டுக்குள் ஓடியது. நான் தடுப்பதற்குள் அவனும் குனிந்து உள்ளே போனான்.

குதிருக்குப் பின்னால் போனவன் அப்படியே நின்றான். பெருமாயி முந்தானையை இழுத்து இழுத்துப் போர்த்திக்கொண்டாள்.

அவன் வெறுங்கையோடு வெளியே வந்தான். தலைப்பாகையை அவிழ்த்து உதறி, மறுபடி கட்டிக்கொண்டான்.

"அந்தக் குட்டி இங்கயே இருக்கட்டுங்க. பொறக்கப்போற புள்ளைக்கு வெளையாட ஒண்ணு வேணும். புள்ள பால் மறந்ததும் வாரனுங்க. ரெண்டையும் சேத்துக் கூட்டிக்கிட்டுப் போறேன்."

அவன் குரலில் கோபம் இல்லை. நல்ல மனசோடுதான் சொன்னான். கூடையைத் தலையில் தூக்கி வைத்துக்கொண்டு, பாறையைத் தாண்டி இறங்கிப் போய்விட்டான்.

எந்தப் பிள்ளை?

உள்ளே போனேன். பெருமாயி குட்டியை மடியில் போட்டுக்கொண்டு தரையில் உட்கார்ந்திருந்தாள்.

"நாலு மாசங்க" என்றாள். "சொன்னா சந்தபூரா சொல்லிப்போடுவீங்கன்னு பயந்துக்கிட்டு இருந்தேன்."

நாற்பது வயது எனக்கு. முதல் தாரம் பிள்ளையில்லாமலே செத்துப்போனாள். பிள்ளை வேண்டும் என்று நான் ஏறாத கோயில் இந்த மலையில் இல்லை. இப்போது வந்திருக்கிறது என்கிறாள், வரும்போதே இன்னொருவன் பேரில் வருகிறது. குதிப்பதா, அழுவதா என்று தெரியாமல் அவள் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

"புள்ள பால் மறக்க எத்தன நாளாகும்?" என்று கேட்டேன். எனக்கு அதெல்லாம் தெரியாது. அவளுக்குத் தெரியும், இரண்டு பெற்றவள்.

அவள் குட்டியின் முதுகைத் தடவிக்கொண்டிருந்தாள்.

"மறக்கடிக்கவே மாட்டேனுங்க" என்றாள்.