அம்மனின் இடப்பக்கம்

ஏரம்பர் ஈரச்சாக்கை விலக்கியதும் விறாந்தையில் இருந்தவர்களின் கதை ஓய்ந்தது.

முக்காலியின் மேல், ஒரு முழ உயரத்தில், களிமண்ணில் அம்மன் நின்றாள். விரிந்த தலைமயிர். ஒரு கையில் சிலம்பு. அழுது முடித்து, இனி அழுவதற்கு ஒன்றுமே இல்லாத கண்கள்.

நெஞ்சின் வலப்பக்கம் நிறைந்திருந்தது. இடப்பக்கம் வெறும் தட்டை.

தேத்தண்ணித் தட்டத்துடன் குசினி வாசலுக்கு வந்த அன்னபாக்கியம் அப்படியே நின்றுவிட்டாள்.

முத்தையன்கட்டுக் குடியேற்றத்தில் காடு வெட்டிக் குடிவந்த முதல் வருசமே வற்றாப்பளைக் கோயிலிலிருந்து பிடிமண் எடுத்துவந்து வைத்த கண்ணகை அம்மன் கோயில் அவர்களுடையது. இதுவரை உள்ளே ஒரு கும்பம் மட்டும்தான். வரும் வைகாசிப் பொங்கலுக்கு முகப்பில் சீமெந்துச் சிலை ஒன்று வைப்பதென்று முடிவாகி, பருத்தித்துறைப் பக்கத்திலிருந்து ஏரம்பரை அழைப்பித்திருந்தார்கள். சீமெந்தில் கை வைக்க முதல் மண்ணில் ஒரு மாதிரி செய்து காட்டச் சொன்னவர் கோயில் தலைவர் செல்வநாயகம். அன்னபாக்கியத்தின் புருசன்.

கோயில் சபையில் ஒருவரான பரமலிங்கம்தான் முதலில் சிரித்தார்.

"என்ன ஏரம்பர், மற்றப் பக்கத்துக்கு மண் முடிஞ்சு போச்சோ?"

கூட இருந்தவர்களும் சிரித்தார்கள். ஏரம்பர் சிரிக்கவில்லை.

"திருகி எறிஞ்சு மதுரையை எரிச்சவ உங்கடை அம்மன் தானே? வருசா வருசம் பொங்கலுக்கு விடிய விடியப் பாடுறியள். எறிஞ்சது திரும்ப முளைச்சதெண்டு எங்கையாவது பாடினனீங்களோ?"



அன்னபாக்கியத்துக்கு அந்த மண் உருவத்திலிருந்து கண்ணை எடுக்க முடியவில்லை. இவளைத்தானே இவ்வளவு காலமும் கும்பிட்டாள். முகம் தெரியாமல், உடம்பு தெரியாமல், வெறும் கும்பத்தின் முன்னால் நின்று மனசுக்குள் கதைத்தாள். இன்றைக்கு அவளே வீடு தேடி வந்து நிற்கிறாள்.

செல்வநாயகம் தொண்டையைச் செருமினார். யாரோடும் குரல் உயர்த்திப் பேசாத மனுசன். இப்போதும் மெதுவாகத்தான் சொன்னார்.

"இஞ்சை பாருங்கோ ஏரம்பர். கதை வேறை, கும்பிடுறது வேறை. அம்பாள் எண்டால் ஒரு லட்சணம் வேணும். குறைப்பட்ட உடம்பைக் கொண்டுவந்து முகப்பிலை வைச்சால் ஆர் கையெடுப்பினம்? எனக்கே பாக்க ஒரு மாதிரிக் கிடக்கு."

அன்னபாக்கியம் தட்டத்தை நெஞ்சுக்கு நேரே உயர்த்திப் பிடித்தாள். ஒருவரும் திரும்பிப் பார்க்கவில்லை.

"உங்கடை கோயில். உங்கடை விருப்பம்" என்றார் ஏரம்பர். பக்கத்திலிருந்த மண் சாக்கிலிருந்து ஒரு பிடி எடுத்தார். அது காய்ந்திருந்தது.

"இஞ்சரப்பா, ஏரம்பருக்கு ஒரு செம்பு தண்ணி" என்றார் செல்வநாயகம், குசினிப் பக்கம் திரும்பாமலே.

அன்னபாக்கியம் தட்டத்தைக் குசினிக்குள் வைத்துவிட்டுத் தண்ணீர் கொண்டுவந்தாள். ஏரம்பர் மண்ணைக் குழைத்தார். இடப்பக்கத்தில் அப்பினார். பெருவிரலால் சுற்றிவரத் தடவி உருட்டினார். கனநேரம் செல்லவில்லை. மதுரை எரியவே இல்லை என்பதுபோல் ஆகிவிட்டது.

"இப்பதான் வடிவு" என்றார் பரமலிங்கம்.

கண்ணையோ வாயையோ ஏரம்பர் தொடவேயில்லை. ஆனாலும் அந்த முகம் இப்போது கலண்டர்ப் படத்து லட்சுமியின் முகம்போலத் தெரிந்தது அவளுக்கு.

செல்வநாயகம் திருப்தியாகத் தலையசைத்தார். சிலைக்குப் பூச வேண்டிய நிறங்களைப் பற்றிக் கதை தொடங்கியது.

அவள் குசினிக்குத் திரும்பினாள். தேத்தண்ணி ஆறிப்போயிருந்தது. கொண்டுபோய் வாழையடியில் ஊற்றிவிட்டு, மறுபடியும் அடுப்பில் கேத்திலை வைத்தாள்.

தண்ணீர் கொதிக்கும்வரை சுவரைப் பார்த்தபடி நின்றாள். பிறகு சட்டைக்குள் கைவிட்டு, இடப்பக்கத்திலிருந்து அந்தப் பொதியை வெளியே எடுத்தாள்.

பழைய வேட்டித்துணிக்குள் இலவம்பஞ்சு வைத்துத் தைத்த பொதி. ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வந்த கிழமை செல்வநாயகம்தான் பஞ்சு வாங்கி வந்தார். "சனம் அறியவேண்டாம்" என்று மெல்லச் சொல்லிக் கையில் தந்தார்.

கொழும்புக்குக் கூட்டிக்கொண்டு போனவரும் அவர்தான். மார்பை எடுத்தால்தான் உயிர் தப்பும் என்று டொக்டர் சொன்னபோது, அவளுக்கு முந்தி அழுதவரும் அவர்தான். ஊருக்கு வயிற்றில் கட்டி என்று சொல்லி வைத்தார்.

வந்த பிறகு பன்றிக்காவல் என்று வயல் கொட்டிலில் படுக்கத் தொடங்கினார். அறுவடை முடிந்தது. பன்றிக்காவல் முடியவில்லை.

பொதியை அடுப்பங்கரையில் வைத்தாள். சேலைத் தலைப்பை நெஞ்சோடு இறுக்கி இழுத்து இடுப்பில் செருகினாள். தேத்தண்ணியை ஊற்றித் தட்டத்தை எடுத்துக்கொண்டு விறாந்தைக்கு வந்தாள்.

முதலில் பரமலிங்கம். தேத்தண்ணிப் பேணிக்கு நீண்ட கை நடுவழியில் நின்றது. பார்வை சட்டென்று நிலத்துக்குப் போனது. குனிந்தபடியே எடுத்தார். அடுத்தவரும் குனிந்தார்.

ஏரம்பர் மண் படிந்த இரண்டு கையாலும் வாங்கினார்.

"சேலைக்குச் சிவப்பு அடிப்பம்" என்று சொல்லிக்கொண்டிருந்த செல்வநாயகம், தன் குரல் மட்டும் தனியே கேட்பதை உணர்ந்து நிமிர்ந்தார்.

கனகாலத்துக்குப் பிறகு அவளை நேரே பார்த்தார்.

"எடுங்கோ" என்றாள் அன்னபாக்கியம். "ஆறப்போகுது."

அவருடைய கை, இருந்த கதிரையின் கைச்சட்டத்தை விட்டு எழும்பவில்லை. அவள் தட்டத்தை நீட்டியபடியே நின்றாள்.