முறுக்கினால் திணறும் வண்டி

“இன்னொரு தடவ முறுக்கு. நான் புகையப் பாக்குறேன்,” என்றாள் ராய்லி.

அவள் கணவன் எஸ்கோ ஆக்ஸிலேட்டரை முறுக்கினான். சும்மா நிற்கையில் ஒழுங்காக ஓடிய மோட்டார் சைக்கிள், முறுக்கியதும் இருமி, கரும்புகை கக்கி அணைந்துபோனது. பனிக்காலம் முழுக்க ஷெட்டில் போர்வைக்கு அடியில் கிடந்த வண்டி. ஏரியில் பனிக்கட்டி உடைந்து, சாலைகள் காய்ந்து, ஊரிலுள்ள வண்டிகளெல்லாம் வெளியே வந்துவிட்டன. இது மட்டும் முரண்டு பிடித்தது.

மே மாதம் பிறந்ததும் நண்பர்களோடு மேற்குக் கடற்கரைப் பக்கம் ஒரு வாரம் சுற்றிவிட்டு வருவது எஸ்கோவின் வழக்கம். இந்த வருடம் அவனைவிட அவளுக்குத்தான் அவசரம். அவன் கிளம்பிய கையோடு துணிமணிகளை அள்ளிக்கொண்டு தங்கை வீட்டுக்குப் போய்விடுவது, திரும்பி வருவதில்லை என்று முடிவெடுத்திருந்தாள். அவன் முகத்துக்கு நேரே சொல்லிவிட்டுப் போக அவளுக்குத் தெம்பில்லை. வண்டி ஓடினால்தான் அவள் போக முடியும்.

எல்லாம் நாப்புவால் வந்தது. பிள்ளையில்லாத அந்த வீட்டில் காலைச் சுற்றிச் சுற்றி வளர்ந்த நாய். அக்டோபரில் செத்துப்போனது. எஸ்கோ ஆப்பிள் மரத்தடியில் புதைத்துவிட்டு வந்து கையைக் கழுவினான். நாய் என்றால் ஒரு நாள் சாகத்தான் செய்யும் என்று சொல்லிவிட்டுக் காபி குடித்தான். அத்தோடு சரி. அவள் அந்தப் பேச்சை எடுத்தாலே எழுந்துவிடுவான். தினமும் சாப்பாடு முடிந்ததும், பேட்டரியைப் பார்க்கவேண்டும் என்று ஷெட்டுக்குப் போய்விடுவான். ஓடாத வண்டி மேல் இருக்கிற பாசம் கூடவா நாப்பு மேல் இல்லை என்று அவள் தனியாக உட்கார்ந்து அழுதாள். இப்படியொரு கல் நெஞ்சோடு எத்தனை காலம்தான் குடும்பம் நடத்துவது?

அதனால்தான் இப்போது வண்டியோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தாள். பழைய பெட்ரோலை இறக்கிப் புதிது ஊற்றியாயிற்று. பிளக்கை மாற்றியாயிற்று. கார்புரேட்டரைச் சமையலறை மேசையில் பிரித்துப்போட்டு, பழைய பல் பிரஷ்ஷால் அவளே தேய்த்துக் கழுவினாள். எஸ்கோவுக்கு ஒன்றும் புரியவில்லை.

“இத்தன வருஷத்துல நீ இது மேல கைவச்சதே இல்லையே.”

“இந்த வருஷம் நீ போயே ஆகணும். வீட்லயே அடைஞ்சு கெடந்தா பைத்தியம் பிடிச்சிரும்,” என்றாள். யாருக்கு என்று சொல்லவில்லை.

புது பிளக்கைக் கழற்றிப் பார்த்தாள். அதற்குள் அதுவும் அடுப்புக்கரி நிறத்துக்கு வந்திருந்தது.

“பெட்ரோல் போகுது, காத்துதான் போகல. ஏர் ஃபில்டரத் தொறந்து பாத்தியா?”

“அத செப்டம்பர்லதான் புதுசா மாத்துனேன். அத விடு.”

“புதுசுன்னா அடைச்சுக்காதா?” ஸ்க்ரூடிரைவரை அவன் கையிலிருந்து வாங்கிக்கொண்டாள்.

சீட்டைக் கழற்றி, ஃபில்டர் பெட்டியின் மூடியை நெம்பியதும் உள்ளிருந்து பொலபொலவென்று தரையில் கொட்டியது. சின்னச் சின்னப் பழுப்பு உருண்டைகள். பெட்டி நிறைய இருந்தன. எஸ்கோ குனிந்து பார்த்துவிட்டு, எலி வேலை என்று முணுமுணுத்தான். குளிருக்கு ஷெட்டில் எலி ஒதுங்குவதும், கிடைத்த தீனியை எங்காவது சேர்த்து வைப்பதும் புதிதில்லை. ஆனால் ராய்லி ஒரு உருண்டையை எடுத்து மோந்து பார்த்தவள் அப்படியே நின்றுவிட்டாள். நாய்த் தீனி. நாப்பு தின்ற அதே ரகம்.

“வீட்ல மிச்சமிருந்தத அது செத்த மறுநாளே பக்கத்து வீட்டுக்குக் குடுத்துட்டேன். ஒரு பிடி கூட வைக்கல. இது எங்கேர்ந்து வந்துச்சு?”

எஸ்கோ அழுக்குத் துணியால், ஏற்கெனவே துடைத்த கையையே திரும்பத் திரும்பத் துடைத்தான். காது மடல் சிவந்துவிட்டது. அவள் நகராமல் அவனையே பார்த்தாள்.

“கடைல வாங்குனேன்,” என்றான் கடைசியில், தரையைப் பார்த்தபடி. “தெனமும் சாப்பாட்டுக்கு அப்புறம் இங்க வந்து அதோட கிண்ணத்துல போட்டு வைப்பேன். காலைல பாத்தா காலியா இருக்கும்.”

குனிந்து, கொட்டிக் கிடந்த உருண்டைகளை ஒவ்வொன்றாகப் பொறுக்கினான்.

“யாரு தின்னுட்டுப் போறான்னு நான் பாக்கவே இல்ல ராய்லி. தெரிஞ்சுக்க எனக்கு மனசு வரல.”