ஒரே வரி போதும்

“எஜே எழுதின பன்னிரண்டு வரியையும் அழிச்சிட்டேன்” என்றான் எல்தியார், அத்தனை பேர் முன்னாலும்.

அனார்குல் டீக் கிண்ணத்தைக் கீழே வைத்தாள். இருபது வருடம் கணக்கு டீச்சராக இருந்துவிட்டு, பிஷ்கெக்கின் இந்த மென்பொருள் அலுவலகத்துக்கு வந்தவள். தகுதிகாண் காலம் இன்றோடு முடிகிறது. எல்தியார் பதினைந்து வயது இளையவன். அக்கா முறைக்கு ‘எஜே’ என்பான், மரியாதை அதோடு சரி.

திங்கட்கிழமை ஒரு பால் பண்ணைக்கு எழுதிக்கொடுத்த மென்பொருள் நின்றுபோனது. காரணம் தேடி, மென்பொருளுக்குள் நடப்பதெல்லாம் பதிவாகும் லாக் கோப்பைத் திறந்தால், காலி! லாக் எழுதும் தொகுப்பு எல்தியாருடையது. அது எப்படி ஓட வேண்டும் என்று சொல்லும் பன்னிரண்டு வரி அமைப்புக் கோப்பை நிரப்பியவள் அனார்குல். ஒரு பெயரின் முதல் எழுத்தை, பிறை மாதிரி வளைந்ததை, கிர்கிஸ் விசைப்பலகையில் அடித்துவிட்டாள். ஆங்கிலத்திலும் அதே பிறைதான். கண்ணுக்கு ஒன்று, கணினிக்கு வேறு.

“இனி அந்தக் கோப்பே கிடையாது. ஒரே வரி போட்டா லாக் தானா ஓடும். மாத்தணுமா? மூணே விருப்பம், பட்டியல்லேருந்து எடுத்துக்கலாம். யாரும் எதையும் அடிக்க வேண்டாம்.”

“எஜேக்குன்னே செஞ்ச மாதிரி இருக்கே!” யாரோ சொல்ல, ஒரே சிரிப்பு.

அனார்குலுக்குக் காது சுட்டது. இதற்கு நேராகவே போகச் சொல்லியிருக்கலாம்.

எல்லோரும் ‘பைக்கே’, அண்ணா, என்று கூப்பிடும் முதலாளி ஜோல்தோஷ் சிரிக்கவில்லை. “அப்போ தப்பு அனார்குல் மேலதானே?”

“இல்ல பைக்கே. தெரியாத பேர் வந்தா என் தொகுப்பு கத்தியிருக்கணும். வாயை மூடிக்கிட்டு இருந்திருக்கு. தப்பு என்னோடது.”

“ரெண்டு வருஷமா இந்த ஓட்டையோடவா வெச்சிருந்தே? அல்மாத்தி மாநாட்டுக்கு உன்னை அனுப்பலாம்னு இருந்தேன். மறந்துடு.” அவள் பக்கம் திரும்பினார். “நீங்க நாளையிலேருந்து நிரந்தரம்.”

அப்பாடா! இருக்கைக்கு வந்தபிறகுதான் அவளுக்கு மூச்சே வந்தது.

ஓட்டை எங்கே இருந்தது என்று பார்க்கும் ஆசையில் பழைய தொகுப்பைத் திறந்தாள். தெரியாத பெயர் வந்தால் எச்சரிக்கும் வரி, இரண்டு வருடமாக அங்கேயே இருந்தது. திங்கட்கிழமை அவள் திரையில் ஓடியதைத் தேடிப் பார்த்தாள். பதினேழு முறை எச்சரித்திருந்தது. அவள்தான் படிக்கவில்லை.

நேராக அவன் மேசைக்கு ஓடினாள்.

“எல்தியார்! உன் தொகுப்பு கத்தியிருக்கேப்பா! நான்தான்…”

அவன் திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

“நீங்க கத்தாதீங்க எஜே. பைக்கே காதுல விழுந்துடப் போகுது.”